ஜப்பானின் டொர்பிடோ படகுகளும் நம் வீட்டு ரொட்டியும்

 

கொஸ்லந்த உறவுகளே, இது கொஞ்சம் நீண்ட பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 11 வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வாங்கில் இருந்த ஒரு மாணவன் கையை உயர்த்தினான். போனில் கப்பல் சண்டை விளையாடுகிற பிள்ளை. "சேர், இந்த ஜப்பான் டிஸ்ட்ரோயர் எல்லாம் நம்ம சிலோன் பக்கம் வந்திச்சா? வந்திருந்தா நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டோம். வந்தன. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல நாற்பது நிமிடப் பாடவேளை போதவில்லை. பாடப் புத்தகத்திலும் அந்தப் பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

நாம் கடலிலிருந்து வெகு தூரத்தில், மலையில் இருக்கிறோம். ஹப்புத்தளை பக்கம் ஏறி நின்று, வானம் தெளிவாக இருந்தால், தெற்கே ஒரு வெள்ளைக் கோடு போலக் கடல் தெரியும். அவ்வளவுதான் நமக்கும் கடலுக்கும் உள்ள பழக்கம். ஆனாலும் 1942இல் கடலில் நடந்தது நம் லயத்து அடுப்பு வரைக்கும் வந்தது. அது எப்படி என்று விளங்க வேண்டுமானால், கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும்.

டொர்பிடோ என்பது தண்ணீருக்குள் தானாக ஓடிப் போய் கப்பலின் அடிவயிற்றில் வெடிக்கிற குண்டு. மீன் வடிவத்தில் நீளமாக இருக்கும். 1866இல் ரொபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் அதை உருவாக்கினார். அதுவரை பெரிய போர்க்கப்பலை எதிர்க்க இன்னொரு பெரிய போர்க்கப்பல் வேண்டும். அதற்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டும். டொர்பிடோ வந்த பிறகு அந்தக் கணக்கு மாறியது. நூறு தொன் கூட இல்லாத ஒரு படகு, இருட்டில் கிட்டப் போய் ஒரு டொர்பிடோவை விட்டால், ஏழாயிரம் தொன் கப்பலும் உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட படகுகளுக்குத்தான் டொர்பிடோ படகு என்று பெயர்.

பெரிய கடற்படை வைத்திருந்த நாடுகள் இதைக் கண்டு பயந்தன. டொர்பிடோ படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்று வேகமான, கொஞ்சம் பெரிய கப்பல் ஒன்றைச் செய்தன. முதலில் அதன் முழுப் பெயர் 'டொர்பிடோ படகு அழிப்பான்'. பிறகு சுருங்கி டிஸ்ட்ரோயர் ஆனது. நம் பத்திரிகைகள் நாசகாரி என்று எழுதும். வேடிக்கை என்னவென்றால், அந்த நாசகாரியிலும் டொர்பிடோவை ஏற்றினார்கள். திருடனைப் பிடிக்கப் போனவன் திருடனின் ஆயுதத்தையே கையில் எடுத்த கதை.

அந்தக் காலத்து ஜப்பானிடம் பெரிய கப்பல் வாங்க அதிகம் காசு இல்லை. கட்டுகிற அனுபவமும் குறைவு. ஆகவே சின்னப் படகிலிருந்து தொடங்கினார்கள். இங்கிலாந்தின் யாரோ நிறுவனத்திடம் படகுகளைச் செய்யச் சொல்லி, துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவந்து, யொகொசுகா துறைமுகத்தில் பூட்டினார்கள். அப்படிப் பூட்டி 1888இல் முடித்த 'கொதாகா' என்ற படகு சுமார் 200 தொன். அந்தக் காலத்து டொர்பிடோ படகுகளில் அது பெரியது. பின்னால் வந்த நாசகாரிகளுக்கு அதுவே முன்னோடி என்று கப்பல் வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். துண்டுகளைப் பூட்டியவர்கள் பார்த்துப் பார்த்துப் படித்தார்கள். சில வருடங்களில் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு நாங்கள் அடிக்கடி சொல்வதும் இதைத்தான். வாங்குவது வெட்கமில்லை, வாங்கியதைத் திறந்து பார்த்துப் படிக்காமல் இருப்பதுதான் வெட்கம்.

படித்ததை அவர்கள் முதலில் சீனாவிடம் காட்டினார்கள். 1895 பெப்ரவரி, உறைபனி இரவு. வெய்ஹாய்வெய் துறைமுகத்துக்குள் சீனக் கடற்படை ஒதுங்கியிருந்தது. ஜப்பானின் டொர்பிடோ படகுகள் இருட்டில் உள்ளே நுழைந்தன. ஜெர்மனியில் கட்டிய, 7,000 தொன்னுக்கு மேற்பட்ட 'திங்யுவான்' என்ற தலைமைக் கப்பலை அடித்தார்கள். அது கரை தட்டியது. அடுத்த இரவும் வந்தார்கள், மேலும் கப்பல்கள் மூழ்கின. அந்தப் படகுகளில் ஒன்றின் தளபதி சுசூகி கந்தாரோ என்ற இளம் அதிகாரி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடியும் வருவார்.

அடுத்தது ரஷ்யா. 1904 பெப்ரவரி 8ஆம் திகதி இரவு, போர்ப் பிரகடனம் செய்வதற்கு முன்னரே, பத்து ஜப்பானிய நாசகாரிகள் போர்ட் ஆதர் துறைமுகத்தில் நின்ற ரஷ்யக் கப்பல்கள் மீது 16 டொர்பிடோக்களை விட்டன. மூன்று பட்டன. இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் ஒரு குரூஸர் கப்பலும் சேதமடைந்தன. போரை அறிவித்ததோ 10ஆம் திகதி. 37 வருடங்களுக்குப் பிறகு பேர்ள் ஹாபரிலும் இதே மாதிரிதான் நடந்தது.

1905 மே 27, 28இல் சுஷிமா கடற்சமர். பால்டிக் கடலிலிருந்து பாதி உலகத்தைச் சுற்றி வந்த ரஷ்யக் கப்பல்படையை தளபதி தோகோ பகலில் பீரங்கியால் நொறுக்கினார். இரவு விழுந்ததும் நாசகாரிகளையும் டொர்பிடோ படகுகளையும் அவிழ்த்துவிட்டார். காயம்பட்டுத் தனித்துப்போன கப்பல்களை அவை தேடித் தேடி அடித்தன. காயமடைந்த ரஷ்யத் தளபதி ரொஷெஸ்த்வென்ஸ்கி ஒரு ரஷ்ய நாசகாரியில் தப்பிப் போனார். அதையும் ஜப்பானிய நாசகாரிகள் துரத்திப் பிடித்தன. அத்தனை பெரிய சண்டையில் ஜப்பான் இழந்தது மூன்று டொர்பிடோ படகுகள் மட்டும்.

ஓர் ஆசிய நாடு ஐரோப்பிய வல்லரசைத் தோற்கடித்த செய்தி வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்களிலெல்லாம் பேசப்பட்டது. சிறுவனாக இருந்த நேரு அந்த வெற்றிகளைக் கேட்டு உற்சாகப்பட்டதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம் முன்னோரும் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு 1910இல் கொரியாவைத் தன் நாட்டோடு இணைத்துக்கொண்டதும் இதே ஜப்பான்தான். அடிமைப்பட்ட ஒருவனுக்கு இன்னொருவன் ஜெயிக்கும்போது வரும் மகிழ்ச்சி இயற்கை. ஜெயித்தவன் நமக்கு நல்லவனாக இருப்பான் என்று நினைத்துவிடக் கூடாது.

இனிதான் கதையின் முக்கியமான இடம். முதலாம் உலகப் போரில் ஜப்பான் பிரித்தானியாவின் பக்கம். 1917இல் ஜப்பானிய நாசகாரிகள் மத்தியதரைக் கடலுக்கே போய், மோல்டா தீவில் தங்கின. அங்கே அவற்றின் வேலை சண்டை பிடிப்பதல்ல. ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிய கப்பல்களுக்குக் காவலாகப் போவது. ஆடு மேய்க்கிறவன் மந்தையைச் சுற்றிச் சுற்றி நடக்கிற மாதிரி, நீர்மூழ்கி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஏறத்தாழ ஏழு லட்சம் படையினர் ஜப்பானியக் காவலில் பயணம் செய்ததாகக் கணக்கு. 1917 மே 4ஆம் திகதி 'ட்ரான்சில்வேனியா' என்ற துருப்புக் கப்பல் இத்தாலிக் கரைக்குக் கிட்ட டொர்பிடோ பட்டு மூழ்கியபோது, 'மட்சு', 'சகாகி' என்ற இரண்டு ஜப்பானிய நாசகாரிகள் கிட்டப் போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றின. அடுத்த மாதம் அதே 'சகாகி'யை ஒரு நீர்மூழ்கி அடித்தது. 59 மாலுமிகள் இறந்தார்கள். மோல்டாவில் அவர்களுக்கு இன்றும் நினைவுத் தூண் இருக்கிறது.

கப்பலை மூழ்கடிப்பதைப் போலவே, கப்பலைக் காப்பாற்றுவதும் நாசகாரியின் வேலை என்று ஜப்பான் அங்கே படித்தது. படித்த பாடத்தை ஊருக்கு வந்ததும் மறந்துவிட்டது. இந்தப் பதிவில் நாங்கள் சொல்ல வருவதெல்லாம் அந்த மறதியைப் பற்றியும், அதன் விலையை யார் யார் கட்டினார்கள் என்பதைப் பற்றியும்தான்.

1922இல் வொஷிங்டன் ஒப்பந்தம் வந்தது. பெரிய போர்க்கப்பல்களில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஐந்து பங்கு வைத்தால் ஜப்பான் மூன்று பங்குதான் வைக்கலாம். எண்ணிக்கை குறைந்ததால், ஒவ்வொரு சிறிய கப்பலிலும் கூடுதல் ஆயுதம் ஏற்றுவது என்று முடிவெடுத்தார்கள். 1928இல் 'ஃபுபுகி' என்ற நாசகாரி வந்தது. ஆறு பெரிய பீரங்கிகள், ஒன்பது டொர்பிடோ குழாய்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் பெயருக்குப் பனிப்புயல் என்று அர்த்தம். ஜப்பான்காரர்கள் நாசகாரிகள் பலவற்றுக்குக் காற்று, பனி, மழை, அலை என்று பெயர் வைப்பார்கள். 'யூகிரி' என்றால் அந்தி மூடுபனி. நம் ஊரில் தினமும் மாலையில் இறங்குவது அதுதான்.

பாரம் கூடினால் என்ன ஆகும்? கொஸ்லந்த வளைவுகளில் லொறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். கூரை உயரத்துக்கு மூட்டை அடுக்கினால் வளைவில் லொறி சாயும். கப்பலும் அப்படித்தான். 1934 மார்ச் 12ஆம் திகதி 'தொமொசுரு' என்ற புதிய டொர்பிடோ படகு புயல் கடலில் தலைகீழாகக் கவிழ்ந்தது. 113 பேரில் 100 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் செப்டெம்பர் 26ஆம் திகதி ஒரு கப்பல்படை சூறாவளிக்குள் மாட்டியது. 'ஹட்சுயுகி', 'யூகிரி' என்ற இரண்டு நாசகாரிகளின் முன்பகுதி அப்படியே பிய்ந்து போனது. அதற்குப் பிறகுதான் கப்பல்களை எல்லாம் திருப்பி எடுத்து, மேல் பாரத்தைக் குறைத்து, இணைப்புகளைப் பலப்படுத்தினார்கள். எச்சரிக்கையை நேரத்தோடு கேட்காவிட்டால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை நம் ஊர் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதே காலத்தில் இரகசியமாக ஒரு புதிய டொர்பிடோவையும் செய்தார்கள். சாதாரண காற்றுக்குப் பதிலாகச் சுத்தமான ஒட்சிசனில் ஓடுவது. அரை தொன் அளவு வெடிமருந்தைச் சுமந்துகொண்டு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். தண்ணீரில் குமிழித் தடமும் அதிகம் தெரியாது. மற்ற நாடுகளின் கடற்படைகளிடம் அப்படி ஒன்று இருக்கவில்லை. மாலுமிகளை இரவுச் சண்டைக்குப் பழக்கினார்கள். அமெரிக்கக் கப்பல்படை பசிபிக் கடலைத் தாண்டி வரும், இருட்டில் நாசகாரிகள் பாய்ந்து அடிக்கும், ஒரே சண்டையில் போர் முடியும். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. அரிசியும் எண்ணெயும் ஏற்றி வரும் சாதாரணக் கப்பல்களுக்கு யார் காவல் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்தார்கள். மந்தை மேய்க்கிற வேலை வீரனுக்கு அழகில்லை என்ற எண்ணம்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

1941 டிசெம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியபோது, 'பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய பிரித்தானியக் கப்பல்கள் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டன. காவலுக்கு நான்கு நாசகாரிகள் போயின. அவற்றில் இரண்டின் பெயர் 'டெனெடொஸ்', 'வம்பயர்'. டிசெம்பர் 10ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இரண்டு பெரிய கப்பல்களையும் மூழ்கடித்தன. டெனெடொசும் வம்பயரும் தப்பி, கடைசியில் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. தப்பியது நான்கு மாதத்துக்குத்தான்.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சல், தெற்கே ஜப்பானியக் கப்பல்படை வருவதைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அவரது விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். உயிரோடு கடலில் கிடந்தவர்களைத் தூக்கிச் சிறைப்பிடித்தது 'இசொகாசே' என்ற ஜப்பானிய நாசகாரி. அடுத்த நாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பில் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் நின்ற டெனெடொஸ் அங்கேயே மூழ்கியது. அன்றே கடலில் 'டோர்செட்ஷயர்', 'கோர்ன்வோல்' என்ற குரூஸர்கள் போயின. 424 பேர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அடுத்த நாள் மாலை வரை தண்ணீரில் கிடந்து, பிறகு மீட்கப்பட்டார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கி 'ஹேர்மஸ்' மூழ்கியது. அதற்குத் துணையாகப் போன வம்பயரும் அதோடு மூழ்கியது.

இந்த மூன்று தாக்குதல்களையும் செய்தது விமானங்கள். ஜப்பானிய நாசகாரிகள் அவற்றை ஏவிய விமானந்தாங்கிகளைச் சுற்றிக் காவல் நின்றன. ஆனால் அதே கிழமையில் வடக்கே வங்காள விரிகுடாவில் இன்னொரு காரியம் நடந்தது. தளபதி ஒசாவாவின் கீழ் ஒரு தனிப் படை வந்தது. ஒரு சிறிய விமானந்தாங்கி, சில குரூஸர்கள், சில நாசகாரிகள். முன்பகுதி பிய்ந்து பழுது பார்க்கப்பட்ட அந்த யூகிரியும், 'அமாகிரி' என்ற அதன் சகோதரக் கப்பலும் அதில் இருந்தன. காவல் இல்லாமல் போய்க்கொண்டிருந்த 23 சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார்கள்.

கொழும்புக் குண்டை எல்லோருக்கும் தெரியும். நம் தோட்டத்து ஆட்களைப் பாதித்தது பெரும்பாலும் இந்தச் சரக்குக் கப்பல் விவகாரம்தான்.

ஏனென்றால் அன்றைக்கு இலங்கை சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. தோட்டங்களில் கொடுத்ததும் அந்த அரிசிதான். 1942 மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் ஜப்பானிடம் விழுந்தது. அரிசி விளைந்த ஊர் போனது. அடுத்த மாதம் அரிசி வரும் கடலும் பாதுகாப்பில்லாமல் போனது. அதே வருடம் ரேஷன் வந்தது, கூப்பன் வந்தது. அரிசி குறைய, அந்த இடத்தில் வெளிநாட்டுக் கோதுமை மா வந்து உட்கார்ந்தது. பாணும் ரொட்டியும் இந்த நாட்டில் எல்லோருடைய சாப்பாடாகியது அந்தப் போர்க்காலத்தில்தான்.

எங்கள் மூத்தம்மா இதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். ரேஷன் காலத்தில் நோன்புக் கஞ்சியில் அரிசியை எண்ணிப் பார்க்கலாமாம். பஜிரி என்று ஒரு தானியம் கொடுத்தார்களாம். எவ்வளவு அவித்தாலும் தொண்டையில் இறங்காதாம். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்களிடம்தான் மாவைப் பிசைந்து ரொட்டி தட்டப் படித்ததாகச் சொல்வார். "பசி வந்தா மதம், சாதி, லயம், கடை எல்லாம் ஒரே அடுப்புக்கு வந்துரும் மகன்" என்பார். இன்றைக்குக் காலையில் நம் வீடுகளில் சம்பலோடு சாப்பிட்ட ரொட்டிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கடல் இருக்கிறது.

வேலையும் கூடியது. மலாயா போனபின் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைத்த முக்கிய இடம் இலங்கைதான். மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுத்தார்கள். நமக்குக் கிட்டிய தியத்தலாவையில் பிரித்தானியக் கடற்படை ஓய்வு முகாம் வைத்தது. அதற்கு 'ஊவா' என்றே பெயர். கடலில் அலைக்கழிந்த மாலுமிகள் நம் மலைக்காற்றில் இளைப்பாறினார்கள்.

ஒரு நல்ல சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1942 மார்ச் 2ஆம் திகதி ஜாவாக் கடலில், மூழ்கிய பிரித்தானிய, அமெரிக்கக் கப்பல்களின் மாலுமிகள் எண்ணெய் படிந்த தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தார்கள். 'இக்காசுச்சி' என்ற ஜப்பானிய நாசகாரி அங்கே வந்தது. சுடப்போகிறார்கள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். தளபதி குடோ கப்பலை நிறுத்தி, நீர்மூழ்கி ஆபத்து இருந்த இடத்தில், 442 பேரைத் தூக்கி எடுத்தார். அவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுத்தார். தான் செய்ததைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவர் சொல்லித்தான் பல வருடம் கழித்து ஜப்பானுக்கே தெரிந்தது. எல்லாத் தளபதிகளும் இப்படி இருக்கவில்லை. இப்படியும் ஒருவர் இருந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

பிறகு காற்று திசை மாறியது. 1942 ஓகஸ்டில் குவாடல்கனால் என்ற தீவுக்கான சண்டை தொடங்கியது. பகலில் அமெரிக்க விமானங்கள் இருப்பதால் ஜப்பானியச் சரக்குக் கப்பல் அங்கே போக முடியாது. ஆகவே உலகத்திலேயே சிறந்த டொர்பிடோ நாசகாரிகளை இரவில் அரிசி சுமக்க அனுப்பினார்கள். பீப்பாய்களில் அரிசியை அடைத்து, கயிற்றில் கோர்த்து, கரைக்குக் கிட்ட கடலில் தள்ளிவிட்டு ஓடி வர வேண்டும். நவம்பர் 30ஆம் திகதி இரவு அப்படிப் போன எட்டு நாசகாரிகள் அமெரிக்கப் படையைச் சந்தித்தன. ஒரு குரூஸரை மூழ்கடித்து, மூன்றைச் சிதைத்தன. தாங்கள் இழந்தது ஒரு நாசகாரி. சண்டைக் கணக்கில் பெரிய வெற்றி. ஆனால் அன்றிரவு அரிசி கரைக்குப் போகவில்லை. மூன்று நாள் கழித்து 1,500 பீப்பாய்களைத் தள்ளினார்கள். கரையில் இருந்தவர்கள் இழுத்தெடுத்தது 310தான். அந்தத் தீவை ஜப்பானிய வீரர்கள் பட்டினித் தீவு என்றே அழைத்தார்கள். துப்பாக்கியால் செத்தவர்களைவிட பசியாலும் நோயாலும் செத்தவர்கள் அதிகம்.

வங்காள விரிகுடாவுக்கு வந்த அமாகிரியும் பிறகு இப்படிச் சாமான் சுமக்கும் வேலைக்கு வந்தது. 1943 ஓகஸ்ட் 2ஆம் திகதி இரவு, சொலமன் தீவுகளில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அது ஒரு சிறிய அமெரிக்க டொர்பிடோ படகை மோதி இரண்டாகப் பிளந்தது. அந்தப் படகின் தளபதி நீந்தித் தப்பினார். அவர்தான் பிறகு அமெரிக்க ஜனாதிபதியான ஜோன் எஃப். கென்னடி. வகுப்பில் இதைச் சொன்னபோது கேள்வி கேட்ட பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் அவனுக்கு நாங்கள் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. பர்மாவில் இருந்த தன் படைக்கு ஜப்பான் சாமான் அனுப்ப வேண்டும். மலாயாவைச் சுற்றி ரங்கூனுக்குப் போகும் கடல்வழியில் நீர்மூழ்கி ஆபத்து. காவலுக்குப் போதுமான கப்பல் இல்லை. அதனால் காட்டை வெட்டி, சியாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில்பாதை போடத் தீர்மானித்தார்கள். 1943 ஒக்டோபரில் அது முடிந்தது. போர்க் கைதிகள் பற்றித்தான் படங்கள் வந்தன. அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேர் மலாயா றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். கொலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தார்கள். அதிகமானவர்களுக்குக் கல்லறை கூட இல்லை.

யார் அவர்கள்? நம் தோட்டத்து ஆட்களின் பாட்டன் பூட்டன் புறப்பட்ட அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து, அதே கங்காணி முறையில், கப்பலேறிப் போனவர்கள். ஒரு ஊரில் அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி மலாயாவுக்கும் போன காலம் அது. அண்ணன் பிள்ளைகள் இங்கே ரேஷன் மாவைப் பிசைந்தார்கள். தம்பி பிள்ளைகள் அங்கே தண்டவாளத்துக்குக் கீழே கிடந்தார்கள். சரக்குக் கப்பலுக்குக் காவல் போவது கேவலம் என்று எங்கோ ஒரு கடற்படை அலுவலகத்தில் நினைத்ததன் விலையில் ஒரு பங்கை நம் சொந்தங்கள் கட்டினார்கள்.

ஜப்பானும் கட்டியது. சரக்குக் கப்பல்களைக் காப்பதற்கென்று தனித் தலைமையகத்தை அவர்கள் அமைத்தது 1943 நவம்பரில். காலம் கடந்துவிட்டது. மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளால் போனவை. 442 பேரைக் காப்பாற்றிய இக்காசுச்சியையும் 1944 ஏப்ரலில் ஒரு நீர்மூழ்கி அடித்தது. அதில் இருந்த ஒருவர் கூட மிஞ்சவில்லை. குடோ அப்போது வேறிடத்துக்கு மாறியிருந்தார். 1945 மே மாதம் அந்தமானில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சாமான் கொண்டுபோகப் புறப்பட்ட 'ஹகுரோ' என்ற பெரிய குரூஸரை, நம் திருகோணமலையிலிருந்து போன படையைச் சேர்ந்த ஐந்து பிரித்தானிய நாசகாரிகள் பினாங்குக்கு அப்பால் இரவில் சுற்றிவளைத்து, டொர்பிடோவாலேயே மூழ்கடித்தன. அதே வருடம் ஜப்பானின் துறைமுக வாய்களில் அமெரிக்க விமானங்கள் கண்ணிவெடிகளைப் போட்டன. அந்த நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரே 'பட்டினி'.

1945 ஏப்ரலில் ஜப்பானுக்கு ஒரு வயோதிபர் பிரதமரானார். ஓகஸ்டில் சரணடையும் முடிவு அவரது அரசாங்கத்தில்தான் எடுக்கப்பட்டது. அவர்தான் சுசூகி கந்தாரோ. 1895 பனி இரவில் டொர்பிடோ படகு ஓட்டிப் போன அதே இளைஞர். ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் ஏற்றமும் இறக்கமும் முடிந்துவிட்டன. பெரும்பாலான நாசகாரிகள் கடலுக்கு அடியில். தப்பிய ஒன்று 'யுகிகாசே'. நம் மாணவன் விளையாட்டில் ஓட்டுகிற கப்பலும் அதுதானாம். அதிலிருந்த ஆயுதங்களைக் கழற்றிவிட்டு, வெளிநாடுகளில் சிக்கிய ஜப்பானியர்களை ஆயிரக்கணக்கில் ஊருக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் இலங்கைப் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்தன, ஜப்பானிடம் நட்டஈடு கேட்கமாட்டோம் என்றார். இன்றைக்கு ஜப்பானிய நாசகாரிகள் கொழும்புக்கு விருந்தாளியாக வந்து போகின்றன. நல்லது. பகையை வைத்துக்கொண்டு யாரும் வயிறு நிரப்பியதில்லை. ஆனால் மன்னிப்பதற்கும் மறப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. குண்டு விழுந்த கொழும்பு புத்தகத்தில் இருக்கிறது. அரிசி நின்றுபோன லயம் இல்லை.

2022இல் நாம் எல்லோரும் வரிசையில் நின்றோம். காஸ் கப்பல் வந்துவிட்டதா, எண்ணெய்க் கப்பல் வந்துவிட்டதா என்று மலையில் இருந்த நாமும் கேட்டோம். மா விலை எகிறி, ரொட்டியின் அளவு சுருங்கியபோது முதலில் சுருங்கியது தோட்டத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிதான். போர் இல்லாமலே அது நடந்தது. இது தீவு. ஒரு கப்பல் வராமல் போனால் கடலோரத்தானுக்கு முன்னர் மலைநாட்டானுக்குப் பசிக்கும். அந்தக் கணக்கைப் போட யாருமே இல்லாவிட்டால் ஆயுதத்தால் மட்டும் ஒரு நாட்டைக் காப்பாற்ற முடியாது. ஜப்பானின் நாசகாரிகள் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

ஒரு வேண்டுகோள். ரேஷன் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம் ஊரில் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். தொண்ணூறு தாண்டியவர்கள். லயத்திலும் இருக்கிறார்கள், கடைத்தெருவிலும் இருக்கிறார்கள், சிங்களக் கிராமத்திலும் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அப்போது என்ன சாப்பிட்டீர்கள், கூப்பன் எங்கே கொடுத்தார்கள், மலாயாவுக்குப் போன சொந்தம் யாராவது இருந்தார்களா என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வரட்டும். நாங்கள் பாடசாலையில் சேர்த்து வைக்கிறோம். அடுத்த தடவை ஒரு பிள்ளை "நம்ம ஆளுங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.